ஆரஞ்சு ஜாக்கெட்டுக்கு வந்த மொய்

அக்டோபர் 30

காலை 36.8. மாலை 37.1. இருமல் இருக்கிறது, சளி இல்லை.

என் வீட்டுக்காரருடைய காய்ச்சலை இரண்டு வேளையும் எழுதி வைக்கச் சொல்லி டாக்டரம்மா மார்ச்சில் கொடுத்த நோட்டு இது. எழுத எழுத மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. இனி டாக்டரம்மாவிடம் எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

வலை இழுத்துவிட்டு வந்ததும் வழக்கம்போல் இவர் முதுகில் கையை விட்டுப் பார்த்தேன். பஞ்சுக் கோட்டு, ஸ்வெட்டர், பனியன் எல்லாம் ஈரம். கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டினேன். காலையில் அது பலகை மாதிரி விறைத்து நின்றது.

அக்டோபர் 31

37.0. 37.2. காலையிலிருந்து ஆலங்கட்டியோடு மழை. போகாதீர்கள் என்றேன். போனார்.

நவம்பர் 2

37.0. 37.3.

போன குளிர்காலத்தில் நிமோனியா. இருபத்திரண்டு நாள் ஆரல் நகர ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இன்னொரு தடவை நனைஞ்சு நடுங்கினாருன்னா இந்த நுரையீரல் தாங்காதும்மா" என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆரல் கடல் உறைந்துவிட்டால் எனக்குப் பயமில்லை. அது காய்ந்த குளிர், மைனஸ் முப்பது டிகிரி என்றாலும் ஆளை நனைக்காது. அதற்கு முன்னால் வருகிற இந்த ஆறு வாரம்தான் ஆளைக் கொல்லும்.

வீட்டில் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

"அது ரெண்டாள் படகு. நான் இறங்கலேன்னா தம்பியும் கரையிலதான் உக்காரணும்."

தம்பி என்றால் இவருடைய சித்தப்பா மகன். கொழுந்தன் பேரை அண்ணிமார் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை, அதனால் எனக்கு அவன் நெட்டை. வாசல் நிலையில் இடிக்காமல் ஒரு நாளும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. செப்டம்பர் புயல் அவன் வலைகளை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. இப்போது எங்கள் வலையில்தான் இரண்டு வீடும் பிழைக்கிறது.

சரி, போவதை நிறுத்த முடியாது. நனைவதை நிறுத்தலாம் அல்லவா? கொட்டிலில் இருக்கிற கிடாவை விற்று நனையாத கோட்டு ஒன்று வாங்கிவிடுகிறேன்.

நவம்பர் 5

விடியற்காலை வண்டியில் ஆரல் சந்தைக்குப் போய் வந்தேன். கால் வலிக்கிறது, மனசு நிறைந்திருக்கிறது.

முதல் கடையில் வாத்து இறகு அடைத்த குளிர் ஜாக்கெட். தொட்டால் மேகம். நனைந்தால் செத்த கோழி. இரண்டாவது கடையில் ஆட்டுத்தோல் அங்கி, வீட்டுப் படிக்கட்டில் உட்கார நன்றாக இருக்கும். படகிலிருந்து விழுந்தால் கல்லைக் கட்டிக்கொண்டு விழுந்த மாதிரிதான். ரப்பர் மழைக்கோட்டையும் பார்த்தேன். வெளித் தண்ணீர் உள்ளே வராது. உள்ளே வியர்வை எங்கே போகும்? அதிலேயே ஊறி அதிலேயே நடுங்க வேண்டியது.

மூலைக் கடையில் ஒரு பருத்த பெண் ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டாள். உள்ளே செயற்கைப் பஞ்சு, தையல்மேல் உள்பக்கம் தண்ணீர் புகாத பட்டை ஒட்டியிருந்தது. அவள் தேநீர்க் கெட்டிலில் ஆறிப்போன தண்ணீர் இருந்தது. எடுத்துத் தோள்பட்டையில் ஊற்றினேன்.

"ஏ அக்கா! ஜாக்கெட் வாங்க வந்தியா, குளிப்பாட்ட வந்தியா?"

"மீன்பிடிக்கிறவருக்கும்மா. கடல் ஊத்துறதுக்கு முன்னாடி நான் ஊத்திப் பாத்துக்கிறேன்."

உள்ளே கை விட்டேன். காய்ந்திருந்தது. பிறகு நானே மாட்டிக்கொண்டு குனிந்து வலை இழுக்கிற மாதிரி இழுத்தேன். நிமிர்ந்தாலும் குனிந்தாலும் இடுப்பை விட்டு ஏறவில்லை, சிறுநீரகப் பக்கம் மூடியே இருந்தது. மணிக்கட்டில் இறுக்கமான ரப்பர். தொப்பிக்கு மேலேயே இழுத்துப் போடுகிற அளவு பெரிய முக்காடு. கழுத்துப் பட்டையில் ரோமம் கிடையாது, நல்லதுதான், மூச்சுக்காற்று பட்டு உறைந்து தாடையை அறுக்கும். ஜிப்பின் காது மட்டும் சின்னது. அதில் ஒரு கயிறு கட்டிவிட்டால் விறைத்த விரலாலும் இழுக்கலாம்.

சந்தையே நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

நவம்பர் 6

"நான் என்ன ரோடு போடுறவனா?" என்றார், நிறத்தைப் பார்த்து.

"விழுந்தீங்கன்னா கரையிலேருந்தே தெரியும்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டுப் பார்த்தார். தேநீர் கொதிக்கிற பித்தளைச் சமோவாரின் பளபளப்பில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

இன்று சந்தோஷமாக இருந்தேன். பத்து மாதமாக இந்த வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் சூப்பும் பெருமூச்சும் கொண்டுவந்தார்கள். ஒரு தடவையாவது நல்லதைப் பார்க்க வரட்டுமே! தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். தேநீர், பொரித்த மாவு உருண்டை, நடுவில் ஜாக்கெட்டோடு இவர். வந்தவர்கள் "நல்லபடியா உடுத்தி நைஞ்சு போகட்டும்" என்று வாழ்த்திப் புதுத்துணி மொய் வைத்தார்கள். புதுசைப் பார்த்தவர் வெறுங்கையோடு போகக்கூடாது, அது எங்கள் ஊர் முறை. ஒருத்தி சர்க்கரை வைத்தாள், ஒருத்தி துண்டு. நெட்டையின் பெண்டாட்டி ஐமன், என் ஓரகத்தி, பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடி ஒரு ஜோடி ஒட்டக ரோமக் காலுறை கொண்டுவந்து இவர் கையில் வைத்தாள்.

நவம்பர் 7

36.9. இவர் காலுறையைப் போட்டுப் பார்த்தார். குதிகால் கணுக்காலுக்கு மேல் நின்றது. ஐமனுக்குக் கண்ணளவு போதாது என்று சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. பரணில் வை என்றார்.

நவம்பர் 8

பழைய பஞ்சுக் கோட்டையே போட்டுக்கொண்டு போய்விட்டார்! ஜாக்கெட் ஆணியில் தொங்குகிறது.

நவம்பர் 10

37.4. 37.6.

இன்றும் அதே. நிறம் பிடிக்கவில்லையா, சொல்லித் தொலையுங்களேன்! கிடாவ வித்து, ஊர் சிரிக்க சந்தையில கூத்தாடி வாங்கியாந்தேனே, எதுக்கு? சொவத்துக்குப் போட்டு அழகு பாக்கவா? — இப்படியே கத்தினேன். இவர் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒரு குவளை தண்ணீர் வந்தது.

நவம்பர் 13

38.6.

நவம்பர் 14

38.9. 38.4. செம்மறி வால் கொழுப்பை உருக்கி மார்பில் தேய்த்தேன். நர்ஸ் வந்து ஊசி போட்டாள். நாளைக்கும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி.

மதியம் கண்ணைத் திறந்து இவராகவே பேசினார்.

"தம்பி பூட்ஸுக்குள்ள கந்தலச் சுத்தியிருக்கான். கால்விரல் நீலம் பாஞ்சு கெடக்கு. அந்த ஜாக்கெட்டுல அவன் எதிர்ல எப்படிடி உக்காருவேன்?"

அப்போதுதான் உறைத்தது. பரணிலிருந்து காலுறையை எடுத்துப் பார்த்தேன். ஐமனின் கண்ணளவில் ஒரு குறையும் இல்லை. அது நெட்டைக் காலுக்குப் பின்னியது. குளிர்காலத்துக்கென்று புருஷனுக்குப் பின்னி வைத்ததை, வெறுங்கையோடு எழுந்து போக முடியாமல் என் வீட்டு மொய்யில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூப்பிட்டது நான். சிரித்ததும் நான். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 15

38.1. 37.7. இறங்குகிறது. கடவுளுக்கு நன்றி.

காலுறையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மொய்யைத் திருப்புவது முகத்தில் துப்புவதற்குச் சமம். பதிலுக்கு நான் மொய் வைக்கலாமே என்றால், அந்த வீட்டில் புதுசு என்று என்ன இருக்கிறது?

மகளின் சால்வைக்கென்று வைத்திருந்த ஒட்டக ரோம நூலை எடுத்தேன். முதலில் பின்னுவோம். மற்றதைப் பிறகு யோசிப்போம்.

நவம்பர் 19

37.0. ஒரு கால் முடிந்தது. என் முழங்கை வரை வருகிறது. மனுஷனா, நாரையா!

நவம்பர் 24

36.8. 36.9. இரண்டும் முடிந்தது.

இவரைப் பார்க்க நெட்டை வந்தான். நிலையில் இடித்துக்கொண்டான். உட்கார்ந்தபோது கோட்டின் முழங்கையைப் பார்த்தேன். ஐமன் அங்கே ஒரு பச்சைத் துணி ஒட்டுப் போட்டிருந்தாள், நேற்றோ முந்தாநாளோ. அண்ணிக்குக் கொழுந்தனைக் கேலி பண்ணுகிற உரிமை எதற்கு இருக்கிறது?

"அடடா கொழுந்தனாரே! புதுசு போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க, சொல்லவே இல்லையே!"

"எது அண்ணி புதுசு?"

"இந்த ஒட்டு! நல்லபடியா உடுத்தி நைஞ்சு போகட்டும்." காலுறையை மடியில் வைத்தேன். "புதுசப் பாத்துட்டு மொய் வைக்காம விட முடியுமா?"

அவன் ஒட்டைப் பார்த்தான், காலுறையைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. பிறகு சொன்னான்: "அண்ணி, சொல்லியிருந்தா அடுத்த கையிலயும் கிழிச்சுக்கிட்டு வந்திருப்பேனே."

இவர் சிரித்துச் சிரித்து இருமினார். இருமியதற்கு நான் முதல்முறையாகப் பயப்படவில்லை.

நவம்பர் 25

36.7. ஐமன் கதவருகிலேயே நின்று என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க பொல்லாதவங்க அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

நவம்பர் 30

நர்ஸ் சரி என்றபிறகுதான் விட்டேன். ஆரஞ்சு ஜாக்கெட்டில் போனார், நான் ஒன்றும் சொல்லாமலே. பரணிலிருந்த ஐமனின் காலுறையும் பூட்ஸுக்குள். குதிகாலை மடித்துப் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்குப் பனியும் மழையுமாகப் பிடித்தது, விடவே இல்லை. நாலு தடவை கரைக்குப் போய் நின்றேன். சாம்பல் நிறத் தண்ணீரில் ஆரஞ்சுப் புள்ளி தெரிகிற வரை நின்றேன்.

படகை இழுத்ததும் நெட்டை புகார் சொன்னான்: "அண்ணி, அண்ணன் என்னைய வலைப் பக்கமே விடல. தண்ணி அடிக்கிற பக்கம் முழுக்க அவரே நின்னாரு. 'நனையாத ஆள் நான்தானே'ங்கிறாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதற்காகவா வாங்கினேன்! திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, ஜாக்கெட்டைப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கையை உள்ளே விட்டேன். இன்னும் கொஞ்சம் மேலே விட்டேன்.

மாலை 36.7. முதுகு காய்ந்திருக்கிறது.