அந்தியை அறியாத கோழிகள்

கிளைவ்,

லீட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்புக்குள் ஷெப்பர்ட்ஸ் பை இருக்கிறது. நேற்றைய சண்டையை நாளைக்கு முடித்துக்கொள்ளலாம்.

எந்நேரமும் விளக்கெரியும் பண்ணைக் கூண்டிலிருந்து நாம் மீட்டு வந்த கோழிகள் அந்தியையே பார்த்ததில்லை. இருட்டினால் கூட்டுக்குள் போகத் தெரியாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடு.

காலையிலிருந்து ஒரு நரி வேலியோரம் படுத்திருக்கிறது. பக்கத்து வீட்டு மேவிஸ் சொல்கிறாள்: “அது கோழியப் பாக்கலடி. உன் வீட்டுக்காரன் எப்ப மறப்பான்னு பாக்குது.”

ஹெஸ்டர்

பி.கு.: கிளம்பும்போது பார்த்தேன், நரி கம்பிவலை வரை வந்துவிட்டது. தீனி வந்ததென்று நினைத்துக் கோழிகளெல்லாம் வலைக்கு வெளியே கழுத்தை நீட்டி நின்றன. வாளியைத் தட்டி நரியை விரட்டினேன். கோழிகள் இன்னும் கழுத்தை உள்ளே இழுக்கவில்லை.