கேப்டன் தோர்வியின் உயிர்

துர்க்கு
11 ஜனவரி 1987

அன்புள்ள ஆர்வோ,

சுகமா? அந்த வடகோடி ரோவனியெமியில் சூரியன் தலைகாட்டிவிட்டதா, இல்லை இன்னும் விளக்கு வெளிச்சத்தில்தான் தாடி மழிக்கிறாயா? இங்கே பாதி மழை, பாதி பனி. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

பதிப்பாளர் ரைலி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் விவாகரத்து வாங்கிட்டீங்க, சரி. எய்னோ ஹர்மா வாங்கலையே! கடைசிப் பாகம் எப்போ வரும்?" என்கிறாள். இருவரும் ஒரே புனைபெயருக்குள் குடியிருந்தால் இந்தத் தொல்லைதான். விண்கப்பலும் கேப்டன் தோர்வியும் உன் பங்கு. அந்தக் கப்பல் விழுந்த கிரகமும் அவன் மனம் பறிகொடுத்த மந்திரக்காரி லூமாவும் என் பங்கு. ஆளுக்கொரு அத்தியாயம், ஒருவர் எழுதியதை மற்றவர் அடிக்கக் கூடாது. சட்டம் போட்டவன் நீ. இப்போது உன் முறை வந்ததும் வாயைத் திறக்கக் காணோம்.

நூலகத்தில் ஓர் அம்மாள் நம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபடியே சொன்னாள்: "இந்த ஹர்மா பெரியவருக்கு வயசாயிடுச்சு போல. மந்திரக்காரி வர்ற இடமெல்லாம் ஜோரா இருக்கு. கப்பல் வந்தாத்தான் தூக்கம் வந்துடுது." நான் அலமாரிக்குப் பின்னால் நின்று சிரித்தேன். உனக்கு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

பத்திரிகைக்காரர் ஒருவர் நம் கதைகளை வளராத பிள்ளைகளுக்கானவை என்று எழுதியிருக்கிறார். எழுதட்டும். நம் சண்டையை நம் வீட்டுச் சமையலறையில் வைத்து எழுதியிருந்தால் இரண்டு பக்கம் தாண்டியிருக்காது. கப்பலுக்கும் மந்திரத்துக்கும் நடக்கும் சண்டையாக எழுதினோம், நான்கு பாகம் ஓடியது.

அத்தியாயத்தை அனுப்பு.

பாதி ஹர்மா,
சிர்க்கா


ரோவனியெமி
2 பிப்ரவரி 1987

அன்புள்ள சிர்க்கா,

அத்தியாயம் இத்துடன் வருகிறது. காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படி. தோர்வி இறந்துவிட்டான்.

கப்பலில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, வெளியேறும் கதவோ பழுது, உள்ளிருந்து ஒருவர் பிடித்தால்தான் திறந்து நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பினான், அவன் உள்ளேயே சிக்கிக்கொண்டான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேறு வழி இல்லை. நம் வகைக் கதையில் எழுதுகிறவன் ஒரே ஒரு பொய் சொல்லலாம். கப்பல் ஒளியை முந்தும் என்று நான் சொன்னேன், வாசகனும் பெரிய மனது பண்ணி நம்பினான். அதற்குப் பிறகு எல்லாம் நிஜமாக நடக்க வேண்டும். இரண்டாவது பொய் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவான். உனக்கென்ன, லூமா கையை ஆட்டினால் மழை கொட்டும். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை யார் இறைப்பது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

அவனை எழுப்பிவிடாதே. போன பாகத்தில் நான் சாகடித்த சமையல்காரனை நீ எழுப்பி உட்காரவைத்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஏரியில் பனியைத் துளைத்து மீனுக்காக உட்கார்ந்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தைஸ்தோ வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்று.

மறு பாதி,
ஆர்வோ


துர்க்கு
9 பிப்ரவரி 1987

ஆர்வோ,

படித்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

நீ ஒருவனைக் கொன்றால் இரண்டே வரியில் கொல்வாய். தோர்விக்கு மட்டும் பக்கம் பக்கமாக மூச்சு வாங்குகிறது. படுத்தால் முட்டுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்குகிறது, பேச்சு பாதியில் நிற்கிறது. காற்றில்லாத கப்பலில் அப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரியும்.

தைஸ்தோவிடம் தொலைபேசியில் பேசினேன். "அவரையே கேளுங்கம்மா, என்னை இதுல இழுக்காதீங்க," என்று வைத்துவிட்டான். அதனால் உன்னையே கேட்கிறேன். படத்தில் என்ன தெரிந்தது?

இன்னொன்று. என் மந்திரத்துக்குக் கணக்கில்லை என்று சொல்லாதே. லூமா யாரை எழுப்பினாலும் அந்த ஆள் அவள் நினைவிலிருந்து போய்விடுவார். நீ எழுப்பாதே என்கிறாயே, அந்தச் சமையல்காரன் எழுந்ததும் சூப் கொண்டுவந்தான். "நீங்க யாரு?" என்று லூமா கேட்டாள். அவன் தட்டோடு நின்றுவிட்டான். நான் சும்மா ஒருவரையும் எழுப்பியதில்லை.

தோர்வியை எழுப்ப என்னால் முடியும். அவள் அவனை மறந்துவிடுவாள், அவ்வளவுதான். வேண்டுமா, வேண்டாமா, நீயே சொல்.

சிர்க்கா


ரோவனியெமி, மருத்துவமனை
20 பிப்ரவரி 1987

அன்புள்ள சிர்க்கா,

நுரையீரலில் புற்று. இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. மருத்துவர் சின்னப் பெண், என் முகத்தைப் பார்க்காமல் கோடைகாலம் வரை தாங்கும் என்றாள். உன்னிடம் மறைத்தது தப்புதான். சொன்னால் நீ அழுவாய், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அந்தப் பயம்.

நர்ஸ் ஹில்க்கா நம் இரண்டாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதை எழுதியவன் நான் என்றால் நம்ப மறுக்கிறாள். "சும்மா இருங்க சார், வச்ச கஞ்சியையே முடிக்கல, புத்தகத்தை முடிச்சாராம்!" என்கிறாள்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். எழுப்பு.

ஆமாம், நான்தான் சொல்கிறேன். இரண்டாவது பொய்யையும் சொல்லிவிடு. உன் அதிசயங்களை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தேன், எனக்கு ஒன்று தேவைப்பட்டதில்லை என்பதால். இங்கே படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும்போது, அவன் ஒருவனாவது கதவைத் திறந்துகொண்டு வெளியே நடக்க வேண்டும் போலிருக்கிறது. லூமா மறந்தால் மறக்கட்டும். ஏற்கனவே ஒரு முறை அவனை விட்டுப் போனவள்தானே.

ஆர்வோ


துர்க்கு
26 பிப்ரவரி 1987

என் ஆர்வோ,

அழுதேன். அதை நீ காதால் கேட்க வேண்டியிருக்கவில்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

நீ சொன்னபடி எழுதிப் பார்த்தேன். லூமா கையை வைத்தாள். தோர்வி கண் திறந்து அவள் பெயரைச் சொன்னான். அவள் "நீங்க யாரு?" என்றாள். அதற்கு மேல் என்னால் ஓர் எழுத்து எழுத முடியவில்லை. அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

எழுப்ப மாட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. அதிசயக் கதை எழுதுகிறவள் செத்தவர்களை எழுப்பத்தான் இருக்கிறாள் என்று ஊரே நினைக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எழுந்து நடக்கும் தோர்வியை நீ கேட்கிறாய். அவன் நடந்து போவான், அவனை யாரென்று தெரிந்தவள் ஒருத்தியும் இருக்க மாட்டாள். அது உனக்கு வேண்டுமா? எனக்கு வேண்டாம். இது என் சுயநலம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பதில் லூமாவை அவன் கப்பலுக்குள் அனுப்பியிருக்கிறேன். மந்திரம் கிடையாது. ஒவ்வொரு விசையாகத் தொட்டுப் பார்த்து, தப்பாகத் திருகி, அவனைத் திட்டிக்கொண்டே கற்றுக்கொள்கிறாள். முதல் முறையாக நான் கப்பலை எழுதுகிறேன், பாதியும் தப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நீ வேண்டும்.

அடுத்த வியாழன் இரவு ரயிலில் ஏறுகிறேன். எழுதியதைக் கொண்டுவருகிறேன், கம்பு ரொட்டியும் கொண்டுவருகிறேன். ஹில்க்காவிடம் சொல்லி உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவை. ஒரு நாளில் திரும்புகிற உத்தேசம் எனக்கு இல்லை.

விட்டுப் போனேன், அது உண்மை. மறந்தேன் என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதே.

உன்,
சிர்க்கா