ஆசீர்வாதம் முடியும்வரை

ஃபெபி அப்பாவுக்கு,

கோழியைக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிசறி வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயம் உரித்தாயிற்று. நல்லெண்ணெயில் வதக்கி, கறியைப் போட்டு, மிளகாய்த்தூள் சேர்த்து மூடிவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கறியே தண்ணீர் விடும். அடிப்பிடிக்காமல் பையக் கிளறினால் போதும்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கோழிக்கறியைச் சமைக்கத்தான், ஞாயிறு ஆராதனையில் போதகர் ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து ஓடி வருகிறேன். இன்றைக்கு வரமாட்டேன். என் பக்கத்தில் நம் மகள் உட்காருவாள். நம்மைக் கேட்காமல் அவள் கட்டிக்கொண்டவனும் உட்காருவான். ஆசீர்வாதம் முடிந்து மூவருமாகத்தான் வீட்டுக்கு வருவோம்.

"அவ பேரை இந்த வீட்டுல எடுக்காதட்டி" என்றீர்கள். ஒரு வருஷமாக எடுக்கவில்லை. இன்று கடிதத்தின் முதல் வார்த்தையாகவே எழுதிவிட்டேன்.

நீங்கள் பேச வேண்டாம். பரிமாறினால் போதும்.

ஈரலை மட்டும் உடையாமல் தனியே எடுத்து வையுங்கள். அது முன்பெல்லாம் யார் தட்டுக்குப் போகும் என்று உங்கள் கைக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா