ஒரே மெயின் சுவிட்சில் இரண்டு வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், மூட்டு வலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னை எங்கே பேசவிடுகிறாய், சாப்பிட்டாயா மாத்திரை போட்டாயா என்று கேட்டே நேரத்தை முடித்துவிடுகிறாய். இது முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டிய விஷயம், அதனால் பொறுமையாகப் படி.

நீ கேட்ட ஸ்மார்ட் மீட்டர் வைத்தாகிவிட்டது. நான் ஃபேன் துடைக்கும்போது மயங்கி விழுந்த அன்றிலிருந்து நீ ஒற்றைக் காலில் நின்றாய், ஒன்று வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மீட்டரை வைத்துக்கொள்ள வேண்டும், அம்மா விளக்குப் போட்டாளா, கெட்டில் வைத்தாளா என்று நீ அங்கிருந்தே போனில் பார்த்துக்கொள்வாய் என்று. பெற்றவளை வேவு பார்க்கிறாயா என்று நான் முணுமுணுத்தேன், ஆனால் உன் அப்பா வாழ்ந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமில்லை, சரி என்றேன். அன்றைக்கு என்னை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. கத்தரிக்கோல் இரவல் கேட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள், தையல்காரிக்கே கத்தரிக்கோல் பஞ்சமா என்று பிற்பாடு நாம் போனில் சிரித்தோமே, அதை மறந்துவிடாதே, கடைசியில் அங்கேதான் வரப்போகிறேன்.

மீட்டர் வைக்க மின் அலுவலகத்திலிருந்து வந்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். ஏணியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள், ஓட்டை போடுமுன் கீழே பழைய பேப்பர் விரித்தாள், எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. பெட்டியைத் திறந்தவள், மெயினிலிருந்து சுவருக்குள் போகும் ஒரு கறுப்பு வயரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். நம் வீடும் தையல்காரி வீடும் முன்பு ஒரே வீடு, நடுவில் சுவர் வைத்தபோது கரண்டைப் பிரிக்காமல் விட்டுவிட்டார்கள், ஒரே மீட்டர், பில் ஆளுக்குப் பாதி, இதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான் என்று அவளிடமும் சொன்னேன். மெயின் சுவிட்ச் மட்டும் நமக்குத் தனி என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் மெயினை இறக்கினாள், பக்கத்து வீட்டில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. ஏற்றினாள், ஓடியது. மறுபடி இறக்கினாள், நின்றது. எனக்குத் திக்கென்றது. மெயினை இறக்காமல் ஃபேனிலும் ஸ்விட்ச் போர்டிலும் கை வைக்கக் கூடாது என்று உன் அப்பா போட்ட சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை தூசி துடைக்க எட்டு மணிக்கு இறக்குவேன், ஒன்பதுக்கு ஏற்றுவேன். பதினாறு வருஷமாக வாரம் தவறாமல் அந்த மெஷினையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன், அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மீட்டரை மாட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்தப் பெண் போயிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. அவளோ எதற்காக இப்போது மீட்டர் மாற்றுகிறீர்கள் என்று கேட்டாள், உன் ஏற்பாட்டைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டாள். “அப்படின்னா இதை இப்படியே மாட்டக் கூடாதும்மா. நீங்க விழுந்து கிடந்தாலும் பக்கத்து வீட்ல மெஷின் ஓடும். உங்க பொண்ணு போன்ல பார்த்துட்டு, அம்மா நல்லாத்தான் இருக்காங்கன்னு வேலைக்குப் போயிடுவாங்க” என்றாள். எனக்கும் தோன்றவில்லை, இவ்வளவு படித்த உனக்கும் தோன்றவில்லை, பார். தனித்தனி லைன் இழுக்க வேண்டும், அதற்குத் தையல்காரி வீட்டு வாசல்படியை உடைக்க வேண்டும், அவளுக்கு இரண்டு நாள் கரண்ட் இருக்காது, அவள் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன், சொல். உன் அப்பா படுக்கையில் இருந்தபோது ஒரு மத்தியானம் மெஷின் சத்தம் பொறுக்காமல் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டியிருக்கிறேன். அதற்கப்புறம் எதிரே வந்தால் ஒரு சிரிப்பு, அத்தோடு சரி. போதாததற்கு அவள் நூற்றைம்பது பள்ளிச் சீருடைக்கு ஆர்டர் பிடித்து, வீடு முழுக்க நீலத் துணியாகக் கிடந்தது. அவள் முடியாது என்றால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான். மூன்று நாள் தள்ளிப்போட்டு, நாலாம் நாள் போய் நின்றேன். விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் வெட்டுகிற மேஜையிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். போட்டவள் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “ஆனா இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றாள். என்ன தெரிய வேண்டும் என்றேன். “அண்ணன் போனப்புறம் தனியா இருக்கீங்க. எட்டு மணிக்குக் கரண்ட் போனா, அக்கா எழுந்து வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. ஒன்பதுக்கு வந்தா, ஸ்டூலை விட்டு நல்லபடியா இறங்கிட்டாங்க. அன்னைக்கு ஒன்பதே கால் ஆகியும் வரல. என்ன சொல்லிக்கிட்டு உள்ள வர்றதுன்னு தெரியாம, கத்தரிக்கோல்னு வாயில வந்துருச்சு.”

அங்கேயே துணிக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. கரண்ட் போவதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னால் நான் மெயினை இறக்காமலே துடைக்க ஆரம்பித்துவிடுவேனாம், அதற்கு அந்த ஒரு மணி நேரம் பட்டன் தைத்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாளாம். நான் திட்டியதைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன், எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். நிஜமாகவே மறந்தாளா, மறந்தது போல் இருந்தாளா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எப்படியானாலும் அவள் மனசு எனக்கு வராது.

இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது அவள் மெஷினை நம் கூடத்திலேயே போட்டோம். அவள் தைத்தாள், நான் காஜா எடுத்துப் பட்டன் வைத்தேன், முதல் பத்துச் சட்டையில் நாலைப் பிரித்துத் திரும்ப வைக்கச் சொன்னாள், தொழிலில் தாட்சண்யம் கிடையாது. எந்தச் சத்தத்துக்காகச் சண்டை போட்டேனோ அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே மத்தியானம் அசந்து தூங்கினேன். மீட்டர்காரப் பெண் வாசல்படியை உடைத்த சுவடு தெரியாமல் பூசிக் கொடுத்தாள், இரண்டு வீட்டுக்கும் புது மீட்டர் மாட்டினாள், நம் மெயினை நாலு தடவை ஏற்றி இறக்கி, பக்கத்தில் மெஷின் நிற்காமல் ஓடுகிறதா என்று சுவரில் காது வைத்துக் கேட்ட பிறகுதான் கிளம்பினாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

போன ஞாயிறு எட்டு மணிக்கு இறக்கினேன், பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, சந்தோஷப்பட வேண்டியவளுக்கு என்னவோ போல் இருந்தது. எட்டு பத்துக்கு நீ பதறிக்கொண்டு கூப்பிட்டாய். ஞாயிறு எட்டிலிருந்து ஒன்பது வரை உன் போனில் மீட்டர் காட்டும் கோடு படுத்துத்தான் கிடக்கும், பயப்படாதே. ஒன்பதுக்கு மேலும் எழுந்திருக்காவிட்டால் என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. நான் விழுந்தால் மீட்டர் உனக்குச் சொல்லும், ஓடி வரப்போகிறவள் அவள்தான். கடிதத்தின் பின்பக்கம் அவள் நம்பர் எழுதியிருக்கிறேன், என் நம்பருக்கு மேலே போட்டு வைத்துக்கொள். குட்டிக்கு ஆயிரம் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி, நீங்கள் மூவரும் குறையில்லாமல் வாழ வேண்டும்.

இன்றும் ஞாயிறு. ஒன்பதுக்கு மெயினை ஏற்றிவிட்டு வந்துதான் இந்தக் கடைசிப் பாராவை எழுதுகிறேன். மணி ஒன்பது ஐந்து, போன வாரம் போலவே பின்வாசலில் தட்டுகிற சத்தம். அக்கா, கத்தரிக்கோல் இருக்கா என்று கேட்கிறாள். எடுத்துக்கொண்டு போகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா