கையில் ரொக்கம் வேண்டாம்

படகு இன்ஜின் மெக்கானிக் கிளமென்ட்டுக்கு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. அவள் எழும்புமுன் கரண்ட் பில்லின் பின்புறம் எழுதினான்:

"எமில்டா, சாவி ஜன்னல்ல கிடக்கு. மீன் குழம்பைச் சுட வச்சிரு. ஆலந்தலைக்கு வேலைக்குப் போறேன்.

நேத்தும் குடிச்சிட்டு வந்தேன்னு நீ சாப்பிடாம படுத்துட்ட. உன் கணக்குல பணம் விழுத கியூஆர் அட்டையை, கூலி தார போட்டுக்காரனுவ எல்லார்ட்டயும் காட்டத்தான் செய்தேன். 'ரொக்கமா வச்சுக்கிடும் அண்ணாச்சி'ன்னு பையில திணிச்சிருதானுவ. வேண்டாம்னா, 'ரூவா கசக்குதோ'ன்னு சிரிக்கானுவ. பையில ரூவா இருந்தா என் கால் எந்தக் கடைக்குப் போவும்னு அவனுவகிட்ட எப்படிச் சொல்ல?"

அடியில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினான்:

"இன்னைக்கும் போட்டுக்காரன் ரொக்கந்தான் தருவானாம். சாயங்காலம் நீயே அங்கன வந்து அவன்கிட்ட வாங்கிரு, ஏளா. நானே கொண்டாரேன்னு போன் பண்ணுனா நம்பாத."