பால் ஊற்றிய சிலை

பதுளை,
15.03.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் காமினி அத்தானும் நலமென்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வழக்கம்போல என் தோழி றஷீனா வீட்டு முகவரிக்கு வந்து, என் அட்லசுக்குள் ஒளிந்து வீடு சேர்ந்தது. அப்பாவுக்குத் தெரியாது. நீ சிங்கள வீட்டில் கலியாணம் செய்துகொண்டு போன இந்த இரண்டு வருடத்தில் உன் பெயரை அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. அம்மா சொன்னால் எழுந்து தன் பாத்திரக்கடைக்குப் போய்விடுகிறார்.

உன் மாமியார் வெசாக் பண்டிகைக்கு முதன்முறையாக உன் வீட்டுக்கு வருவதும், "புத்தர் சிலையை மருமகளே தெரிவு செய்யட்டும்" என்று சொல்லியனுப்பியதும் உனக்குப் பெரிய பரீட்சைதான். அதனால் நூலகத்தில் புத்தகம் எடுத்து மூன்று நாள் படித்தேன். பிறகு றஷீனாவுடன் விகாரைக்குப் பக்கத்துச் சிலைக்கடைக்குப் போனேன்.

வர்ணத்தைப் பார்க்க வேண்டாம், வணங்குகிறவர் மாதிரித் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பார் என்றார் கடைக்காரர். பாயும் விரித்தார். உட்கார்ந்து பார்த்தால் பதினொரு சிலைக்கும் பதினொரு முகம். ஒன்று நம் கணக்கு டீச்சரைப் போலக் கோபமாகக்கூட இருந்தது. தியானத்தில் இருந்த ஒன்று மட்டும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதுபோல் இருந்தது. சுதைச் சிலை, பொன்வர்ணம். சிலை வைக்கப்போகும் சுவர்த் தட்டின் உயரத்தை நூலால் அளந்து வெட்டி அனுப்பு.

அன்புத் தங்கை,
மயூரி

மொனராகலை,
22.03.1998

அன்புத் தங்கச்சி மயூரிக்கு,

நூல் இதற்குள் இருக்கிறது. அத்தான் சனிக்கிழமை றஷீனா வீட்டுக்கு வந்து சிலையை வாங்கிக்கொள்வார். எப்படிப் பராமரிப்பது என்றும் எழுதிக் கொடு. அவரிடம் கேட்டால் "அம்மாதான் பார்ப்பா, எனக்குத் தெரியாது" என்று சிரிக்கிறார்.

அப்பாவின் இருமல் எப்படி? நான் கேட்டதாகச் சொல்லாதே.

உன் அக்கா,
சந்திரகாந்தி

பதுளை,
28.03.1998

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானிடம் சிலையுடன் இதையும் கொடுக்கிறேன். தட்டு உன் தலைக்கு மேலே இருக்கட்டும். அதில் வேறெதுவும் வைக்காதே. பூவை முகராமல் வை. வாடும் முன் எடுத்துவிடு. சோறு படைப்பதென்றால் மதியத்திற்கு முன். புத்தகத்தில் இருந்ததையும் கடைக்காரர் சொன்னதையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

மயூரி

மொனராகலை,
19.04.1998

அன்புத் தங்கச்சிக்கு,

இதை எழுதக் கை வரவில்லை. சிலை வந்த நாளிலிருந்து வீடே நிறைந்திருந்தது. வருடப் பிறப்புக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை, அம்மா பிள்ளையாருக்குச் செய்வதுபோல் நானும் குளித்து, பால் ஊற்றி, சந்தனம் பூசி, தண்ணீர் விட்டேன். பொன்வர்ணம் பாலோடு வழிந்து தரைக்கு வந்தது. முகத்தில் பாதி வெறும் சுண்ணாம்பு.

அத்தான் கோபிக்கவில்லை. "புத்தரைக் குளிப்பாட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். மாமி வர மூன்று வாரம்தான் இருக்கிறது. சாமியைக் கெடுத்த மருமகள் என்றுதானே முதலில் பார்ப்பார்?

சந்திரகாந்தி

பதுளை,
28.04.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தவறு என்னுடையது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று நான் எழுதவில்லை. சாமி என்றால் குளிப்பாட்டுவது நமக்கு மூச்சு மாதிரி. அதைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

உன் கடிதத்தையும் நூலையும் மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அப்பா நாற்காலியில் இருந்தார். நூல் அவர் விரலில் சுற்றியிருந்தது.

"இதுதான் அவ வீட்டு அளவா?" என்றார்.

ஆமென்றேன்.

"சுதைய ஏன் வாங்குன? அவ பாலூத்தாம இருக்க மாட்டா. சின்னப் புள்ளையிலயே பொம்மைக்கெல்லாம் அபிஷேகம் பண்ணவ."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு என்னை அழைத்துக்கொண்டு அதே சிலைக்கடைக்குப் போனார். வேட்டியை மடித்துப் பாயில் உட்கார்ந்தார். நூலைப் பிடித்துப் பிடித்து அளந்தார். கடைசியில் வெண்கலச் சிலை ஒன்றின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்தார். அதையே எடுத்தோம். நான் பார்த்த அந்த முகம்தான் இதற்கும்.

பழைய சிலையைக் குப்பையில் போட்டுவிடாதே. துணியில் சுற்றி விகாரையில் அரசமரத்தடியில் வைத்துவிடு. இதையும் கடைக்காரர்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி பஸ்ஸில் அப்பாவே சிலையைக் கொண்டுவருகிறார். சாமான் தட்டில் வைக்க மனமில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். பஸ் நிலையத்தில் உன்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாராம்.

அதனால் நீ அங்கே அவர் கையிலிருந்து வாங்காதே. கொண்டுவருகிறவரே வீட்டுக்குப் போய்த் தட்டில் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்பா சற்று யோசித்துவிட்டு, "அப்படீன்னா போய்த்தான் ஆகணும்" என்றார். வெள்ளை வேட்டியை இப்போது அம்மா தோய்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புத் தங்கை,
மயூரி