மூன்றாம் எண் படிப்பறை எங்களுடையதல்ல

அனுப்புநர்:
மாணவியின் தாய்,
துப்புரவுப் பணியாளர்,
பர்னிச்சர் கடை, மேல்மாடி.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
கல்வி உதவித்தொகை அலுவலகம்.

பொருள்: புகைப்படத்தில் உள்ள அறை எங்கள் வீடு அல்ல எனத் தெரிவித்து, மகளின் கட்டடக்கலைப் படிப்புக்கு உதவித்தொகை மறுத்த ஆணையை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 'வசதியான குடும்பம்' என்ற காரணத்தால் என் மகளின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகத் தங்கள் ஆணை கிடைத்தது. எங்களை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அதன் பொருள் உறைத்தது.

1. நான் மேற்படி கடையில் தூசி தட்டித் துடைக்கும் வேலை செய்கிறேன். மேல்மாடியில், வாடிக்கையாளர் பார்ப்பதற்காகப் படுக்கையறை, சாப்பாட்டு அறை, படிப்பறை என்று ஜோடித்து வைத்திருக்கிறார்கள். எதற்கும் கூரை கிடையாது. யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பை நான் தினமும் உதறி விரிக்கிறேன். மெழுகு ஆப்பிள்களைத் துடைத்துத் தட்டில் அடுக்குகிறேன். காலை வெளிச்சத்தில் பார்த்தால், அந்த வீட்டுக்காரர்கள் இப்போதுதான் எழுந்து குளிக்கப் போயிருக்கிறார்கள் என்று தோன்றும். அதனால் நான் அங்கே சத்தம் போடாமல்தான் நடப்பேன்.

2. எங்கள் வீடு ஒற்றை அறை. கணவர், நான், மகள், கைக்குழந்தையோடு வந்திருக்கும் நாத்தனார் எல்லோரும் அதில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார். அது ஓடும்போது பாத்திரங்கள் ஆடும், குழந்தை அழும். சன்னல் இல்லை.

3. ஆகவே பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்து, மூன்றாம் எண் படிப்பறையில் உட்கார்ந்து படித்தாள். இது முதலாளியின் அனுமதியோடு நடந்தது. "உக்காந்து படிக்கட்டும்மா, ஆள் இருந்தாத்தான் அறைக்கே களை" என்றார் அவர். ஒரு அம்மாள் மேசையை விலை பேசிவிட்டு, "இந்தப் பொண்ணும் கூடவே வருமா?" என்று கேட்டுப் போனார்.

மேசைக்கு எதிரே ஒரு சன்னல் உண்டு. அது திறக்காது. உள்ளே விளக்கு வைத்த படம். ஒரு ஏரி, கரையில் கட்டிய படகு, எப்போதும் விடியற்காலை. கணக்கு வராவிட்டால் மகள் அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அங்கேருந்து காத்து வருதும்மா" என்பாள். உளறாதே என்று அதட்டிவிட்டு, அவள் இல்லாத நேரத்தில் நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். வந்தது ஐயா. பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை.

4. விண்ணப்பத்தில், மாணவர் வழக்கமாகப் படிக்கும் இடத்தில் எடுத்த புகைப்படம் கேட்டிருந்தீர்கள். அந்த இடம் யாருடையது என்று கேட்கவில்லை. ஆகவே அங்கேயே எடுத்தோம். மேசை விளக்கில் தொங்கிய விலைச்சீட்டை நான்தான் பின்பக்கமாகத் திருப்பி வைத்தேன். பிள்ளை படிக்கும் படத்தில் விலை தெரிந்தால் நன்றாகவா இருக்கும்? அந்த ஆசைதான் எங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

5. விவரம் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். "ஏரிக்கரையில வீடு, அதுல தனியா படிக்க ரூம். இதுக்கு மேல உதவித்தொகை வேறயா?" என்றார் குமாஸ்தா. வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஊரில் ஏரியே கிடையாது என்பது அங்கே ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெருவுக்கு வந்த பிறகுதான் வந்தது.

6. மகளிடம் சொன்னதும் சிரித்தாள். "அம்மா, நம்ம வீடுன்னே நம்பிட்டாங்க பாரு!" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது அவளுடைய மதிப்பெண்ணால். இந்த மாத முடிவுக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஒற்றை அறை வீட்டுக்கும் சன்னல் வைத்துக் கட்ட முடியும் என்கிறாள். பழைய காலண்டர்களின் பின்பக்கமெல்லாம் அப்படி வரைந்து வைத்திருக்கிறாள். அவள் திரும்பிப் படுத்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

7. மூன்றாம் எண் படிப்பறையை இப்போது ஒரு தம்பதி விலைக்கு வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமை வண்டி வருகிறது. அதற்குள் தாங்கள் நேரில் வந்தால், அலமாரியில் இருப்பவை வெறும் அட்டைகள், புத்தகங்கள் அல்ல என்பதையும், தலைக்கு மேல் கடையின் தகரம்தான் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். விலைச்சீட்டை நேராகத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஆகவே, நிராகரிப்பு ஆணையை மாற்றி, மகள் கல்லூரியில் சேர உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு வரும்போது அவளுடைய நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்து ஏரியைப் பாருங்கள். காற்று வந்தால், அது எங்கள் வீடுதான் என்று தாங்கள் நம்பியதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வராவிட்டால், அப்படியே என்னோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அங்கே நிச்சயம் வராது.

நாள்: ஜூலை 8, புதன்கிழமை
இடம்: பர்னிச்சர் கடை, மேல்மாடி

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மாணவியின் தாய்

இணைப்பு: எங்கள் வீட்டின் புகைப்படம் ஒன்று. வாசலில் நின்று எடுத்தது. மகள் நாத்தனாருக்குப் பின்னால் இருக்கிறாள். முழங்கை மட்டும் தெரியும்.